குறைபாடும் தன்மதிப்பும்: தேய்வது எங்கே, மீள்வது எப்படி

குறைபாடு எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்கு ஒருவருடைய தன்மதிப்பும் அடிபடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. மியாஹாரா, பீக் என்ற இரு ஆய்வாளர்கள், உடல் குறைபாடுள்ள குழந்தைகளையும் பதின்வயதினரையும் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். மூளைவாதம் போன்ற பெரிய குறைபாடுகளோடு வளரும் பிள்ளைகளின் பொதுவான தன்மதிப்பு, மற்ற பிள்ளைகளுடையதைவிட அதிகம் தாழ்ந்திருக்கவில்லை. கை கால் அசைவுகளை ஒருங்கிணைக்கத் திணறுகிற, பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத பிள்ளைகளிடம்தான் சரிவு கூடுதலாக இருந்தது.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையால் ஓட முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஓடவில்லையே என்று யாரும் அவளைத் திட்டுவதில்லை. பந்தைத் தவறவிடுகிற, தண்ணீரைக் கொட்டிவிடுகிற, எவ்வளவு முயன்றும் கையெழுத்து கோணிப்போகிற பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் காதில் நாள் முழுவதும் விழுவது "கவனமே இல்லை", "சோம்பேறி", "வேணும்னே பண்றான்". சிக்கல் உடலில் இருக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்லாததால், தன் குணத்தில்தான் இருக்கிறது என்று அவனே முடிவுகட்டிக்கொள்கிறான்.

தன்மதிப்பைக் கீழே இழுப்பதில் குறைபாட்டின் அளவுக்கு இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. குறைபாட்டை ஒட்டி ஒருவருக்கு நாள்தோறும் என்ன பதில் கிடைக்கிறது, அவர் எடுக்க வேண்டிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பவற்றின் பங்கு பெரியது. மருந்தும் பயிற்சியும் தொடாத இந்தப் பகுதியைத்தான் குடும்பமும் பள்ளியும் அலுவலகமும் நேரடியாக மாற்ற முடியும். அதனால்தான் அது எப்படி வேலை செய்கிறது என்பதை விரிவாகப் பார்ப்பது அவசியம்.

எதை வைத்து அளக்கிறார்கள்

தன்மதிப்பு என்று இங்கே சொல்வது, "நான் மதிக்கத்தக்க ஆள்தானா" என்ற கேள்விக்கு ஒருவர் உள்ளுக்குள் வைத்திருக்கும் பதிலை. குறிப்பிட்ட ஒரு வேலையைத் தன்னால் முடிக்க முடியும் என்ற நம்பிக்கை வேறு. இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். பார்வையில்லாத ஒரு மென்பொருள் பொறியாளர், தன் வேலையில் யாருக்கும் சளைத்தவரல்ல என்று உறுதியாக நம்பலாம். அதே ஆள், "என்னை யார் கட்டிக்கொள்வார்கள்" என்ற கேள்வியில் நொறுங்கிக் கிடக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள்தான், வேலை கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள்.

மாரிஸ் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. மொத்தம் 10 வாக்கியங்கள். 5 நேர்மறையானவை, 5 எதிர்மறையானவை. ஒவ்வொன்றுக்கும் "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்" தொடங்கி "அறவே ஒப்புக்கொள்ளவில்லை" வரை நான்கு பதில்கள். எதிர்மறை வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டினால் 0 முதல் 30 வரை ஓர் எண் கிடைக்கும்.

குறைபாடுள்ளவர்களிடம் இதைப் பயன்படுத்தும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. மற்றவர்களைப் போலவே என்னாலும் காரியங்களைச் செய்ய முடிகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் அந்தப் பட்டியலில் உண்டு. சில நேரம் நான் எதற்கும் உதவாதவன் என்று தோன்றுகிறது என்ற பொருளில் இன்னொன்று. முதுகுத்தண்டில் அடிபட்டுச் சில மாதங்களே ஆனவர் இவற்றை உடல் இயக்கம் பற்றிய கேள்விகளாகவே படித்துவிடுவார். எண் இறங்கும், இறங்கியது தன்மதிப்புதானா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே கூட்டுத்தொகையோடு நின்றுவிடாமல், எந்த வாக்கியத்துக்கு என்ன பதில் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது தவறு, எழுத முடியாதவருக்காக வீட்டார் படிவத்தை நிரப்புவது. அம்மா பேனாவோடு காத்திருக்கும்போது "நான் தோற்றுப்போனவன் என்றே நினைக்கிறேன்" என்று எந்த மகனும் சொல்லமாட்டான். நான்கு பதில்களையும் நான்கு அட்டைகளில் பெரிதாக எழுதி வைத்துத் தொட்டுக்காட்டச் சொல்லலாம். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் வழியாகக் கேட்கச் செய்யலாம். சைகை மொழி பெயர்ப்பாளர் தேவையென்றால் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைக்கலாம்.

தேய்வது எப்படி

பியட்ரிஸ் ரைட் 1960-இல் எழுதிய நூலில் ஒரு போக்கை அடையாளம் காட்டினார். ஒருவரிடம் ஒரு குறையைக் கண்டவுடன், பார்ப்பவரின் மனம் அதை அவருடைய மற்ற எல்லாத் திறன்களுக்கும் பரப்பிவிடுகிறது. பார்வையில்லாதவரிடம் உரக்கப் பேசுவார்கள், காதும் கேட்காது என்பதுபோல. பேச்சு குழறுபவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார்கள், புத்தியும் வளரவில்லை என்பதுபோல. சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு அதைத் தள்ளிவந்தவரிடம் "இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள்.

இப்படி ஒரு நிகழ்வு நடந்து முடியச் சில நொடிகள்தான் ஆகும். தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை. அது நிகழ்ந்த பிறகு குறைபாடுள்ளவர் முன்னால் இருக்கும் வழிகளைப் பாருங்கள். "என்னிடமே கேளுங்கள்" என்றால், சுருக்கென்று கோபப்படுகிறவர் என்ற பெயர். பேசாமல் இருந்தால், தனக்காகப் பேச ஆள் தேவை என்பதை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. எந்த வழியில் போனாலும் கொஞ்சம் விலை கொடுக்க வேண்டும். ஒரு நாளில் பல தடவை இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் களைப்பூட்டுகிறது. சில ஆண்டுகளில் பலர் கணக்குப் போடுவதையே விட்டுவிட்டு வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கிளெக், ஸ்ட்ரென்டா இருவரும் 1980-இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு பெரிய தழும்பு வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, ஒப்பனை வெடிக்காமலிருக்க ஈரப்பசை தடவுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே அதை அழித்துவிட்டார்கள். தழும்பு இருப்பதாகவே நம்பி முன்பின் தெரியாத ஒருவருடன் உரையாடிய அவர்கள், எதிரே இருந்தவர் இறுக்கமாக இருந்தார், பார்வையே சரியில்லை என்று சொன்னார்கள். ஒதுக்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு, சாதாரண அசைவுகளையும் ஒதுக்கலாகப் படிக்க வைக்கிறது. குறைபாடுள்ளவர்கள் சந்திக்கும் அவமதிப்பு வெறும் கற்பனை என்று இதற்குப் பொருள் சொல்வது பெரும் பிழை. அந்தச் சோதனையில் இருந்தவர்களுக்கு அது சிறிது நேரத் தழும்புதான். நிஜத்தில் குறைபாட்டோடு வாழ்பவருக்கு அந்த எதிர்பார்ப்பு பல ஆண்டு அனுபவத்தால் விளைந்தது. எப்போது அது சரியாக எச்சரிக்கிறது, எப்போது வீணாக வாட்டுகிறது என்று பிரித்தறிவதுதான் அவருக்கு முன்னுள்ள கடினமான வேலை.

அந்த வேலையை இன்னும் கடினமாக்குவது பாராட்டு. பல் துலக்கியதற்கும் கடைக்குத் தனியாகப் போய்வந்ததற்கும் கைதட்டினால், கேட்பவருக்கு ஒரு செய்தி தெளிவாகப் போய்ச் சேரும்: உன்னிடம் இதைக்கூட எதிர்பார்க்கவில்லை. அதைவிட மோசமான விளைவு பின்னால் வரும். உண்மையிலேயே நல்ல கட்டுரையோ நல்ல திட்ட அறிக்கையோ எழுதி அதற்குப் பாராட்டு கிடைக்கும்போது, அது வேலைக்கா இரக்கத்துக்கா என்று தெரியாமல் அந்தப் பாராட்டு பயனற்றுப்போகிறது. குரோக்கர், மேஜர் இருவரும் 1989-இல் எழுதிய கட்டுரையில், ஒதுக்கப்படும் குழுவினர் தங்கள் தன்மதிப்பைக் காத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்றாக, மோசமான மதிப்பீட்டை எதிராளியின் தப்பெண்ணத்தின் கணக்கில் எழுதிவிடுவதைக் குறிப்பிட்டார்கள். அது பாதுகாப்புதான். ஆனால் அதே சந்தேகம் நல்ல மதிப்பீட்டின் மீதும் படியும். விளைவு, தன் வேலை எத்தகையது என்று நம்பகமாகச் சொல்ல ஆளில்லாமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்கிறது. நேர்மையான விமர்சனம் கிடைப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்பது அப்போதுதான் விளங்கும்.

உதவி

தன்மதிப்பை மிக அதிகமாகத் தேய்ப்பது பலருடைய அனுபவத்தில் கேலியோ வெறுப்போ அல்ல, அன்பினால் செய்யும் உதவிதான். எவோர்ன், லேங்கர் இருவரும் முதியோர் இல்லங்களில் நடத்தி 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் காட்டியது. எளிய படத்துண்டுப் புதிர் ஒன்றை முதியவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழுவினருக்குப் பணியாளர்கள் துண்டுகளை எடுத்துவைத்து உதவினார்கள். இன்னொரு குழுவினருக்கு வாய்வார்த்தை ஊக்கம் மட்டும். சில அமர்வுகள் கழித்துச் சோதித்தபோது, ஊக்கம் மட்டும் பெற்றவர்கள் முன்னேறியிருந்தார்கள்; உதவி பெற்றவர்களின் திறன் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

இதை ஒரு சட்டையை வைத்துப் பார்ப்போம். பக்கவாதத்தில் இடது கை செயலிழந்தவருக்குச் சட்டை போட ஆரம்பத்தில் 15, 20 நிமிடம்கூட ஆகலாம். வீட்டில் எல்லாருக்கும் அவசரம். மனைவி வந்து 2 நிமிடத்தில் போட்டுவிடுகிறார். அந்த வேகத்துக்கு ஈடாக அவர் இழப்பது ஒரு பயிற்சியை மட்டுமா? எந்தச் சட்டை, எப்போது, பொத்தான் எதுவரை என்ற மூன்று முடிவுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. சில மாதங்களில் "அவருக்குப் போட்டுவிடணும்" என்பது வீட்டின் வழக்கமாகிவிடும், கை ஓரளவு தேறிய பிறகும்.

கற்றுத்தருவதற்குச் சரியான முறை ஒன்று இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு சட்டையை மடியில் விரித்து, செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். தோள்வரை இழுத்துவிட்ட பிறகே நல்ல கை. கழற்றும்போது நேர்மாறு: நல்ல கை முதலில், செயலிழந்த கை கடைசியில். வரிசையை மாற்றினால் சட்டை முதுகில் சிக்கிக்கொள்ளும்; பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான். கற்றுத்தரும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவது நல்லது. முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் அவரிடம் விடுங்கள். அடுத்து இரண்டு பொத்தான். பிறகு நல்ல கையை நுழைப்பது. ஒவ்வொரு நாளும் வேலை அவர் கையில்தான் முடிகிறது. முதல் படியை அவரிடம் கொடுத்து, திணறும்போது வாங்கிக்கொண்டால், ஒவ்வொரு நாளும் தோல்வியில் முடியும். ஒரு வேலையைத் தன்னால் முடிக்க முடியும் என்ற தன்திறன் நம்பிக்கைக்கு, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடல்-மனப் பதற்றத்தின் அளவு. இவற்றில் வலுவானது முதலாவது என்றார். கடைசிப் பொத்தான் முறை அதைத்தான் தருகிறது.

வேறு சில இடங்களிலும் இதே கொள்கைதான். பார்வையில்லாதவரை அழைத்துப்போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வர வேண்டும். எப்போது விடுவது என்பது அப்போது அவர் கையில் இருக்கிறது. சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளக் கூடாது, அதன் பிடியில் சாய்ந்து நிற்கவும் கூடாது. அமர்ந்திருப்பவருக்கு அது உடம்பின் பகுதி. பேச நேரம் எடுப்பவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்க வேண்டாம். மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். முதல் சில தடவை அந்த 10 நொடி மிக நீளமாகத் தோன்றும். அவருக்கு அது போதுமான நேரம்கூட இல்லாமல் இருக்கலாம்.

கட்டடங்களும் இதே செய்தியைச் சொல்கின்றன. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 1:12, அதாவது உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம், என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் போதும். அது இல்லாத இடத்தில் நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவைக்கிறார்கள். தூக்குகிறவர்களுக்கு அது நல்ல காரியம் செய்த திருப்தி. தூக்கப்படுகிறவர், விழுந்துவிடாமலிருக்க யாரையாவது பிடித்துக்கொண்டு, சுற்றி நிற்பவர்கள் பார்க்க, நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போகிறார். சாய்தளம் வழியாக உள்ளே போகிறவர் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

பிறவியிலா, இடையிலா

வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் தன்மதிப்பை ஒரு வகுத்தலாகச் சொன்னார்: சாதித்தது மேலே, எதிர்பார்ப்பது கீழே. இடையில் குறைபாடு வந்தவருக்கு மேலே உள்ள எண் ஒரே நாளில் மாறிவிடுகிறது. கீழே உள்ளது பழைய இடத்திலேயே, சில சமயம் பல ஆண்டுகள், நிற்கிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த வேலை, முன்பு நடந்த வேகம், முன்பு இருந்த முகம் என்று ஒவ்வொன்றிலும் அவர் தோற்பது தன்னிடமே. பிறவியிலிருந்தே குறைபாட்டோடு வளர்ந்தவருக்கு இந்தப் பழைய அளவுகோல் இல்லை. கேத்லீன் போகார்ட் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிறவிக் குறைபாடு உள்ளவர்களிடம் வாழ்க்கை நிறைவு கூடுதலாக இருந்தது; குறைபாட்டைத் தன் அடையாளத்தின் பகுதியாக ஏற்றிருப்பதும் அதற்கு ஒரு காரணமாகத் தெரிந்தது. அவர்களுக்குச் சரிவு வரும் காலங்கள் வேறு. பள்ளியில் சேர்ந்து முதன்முதலாக ஒப்பிடப்படும்போது ஒன்று. உடலும் ஈர்ப்பும் பெரிய விஷயங்களாகிவிடும் பதின்வயதில் இன்னொன்று.

இடையில் வந்தவர்களுக்கு மோசமான கட்டம் மருத்துவமனையில் இருக்கும் நாட்கள்தான் என்று குடும்பத்தார் நினைப்பார்கள். அங்கே எல்லாரும் நோயாளிகள். அடுத்த அடி என்ன என்று சொல்ல ஆள் உண்டு. நாளை இன்னும் தேறும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. வீடு திரும்பிய பின்தான் அடி விழுகிறது. கதவு குறுகலாக இருக்கும். அலமாரியில் பழைய உடைகள் இருக்கும். பார்க்க வருபவர்கள் "எப்படி இருந்த மனுஷன்" என்று அவர் காதுபடவே இறந்தகாலத்தில் பேசுவார்கள். அந்த முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு பொறுப்பாவது அவரிடம் திரும்பி வர வேண்டும். கணக்கு பார்ப்பது, பிள்ளையின் பாடத்தைக் கவனிப்பது, யார் எப்போது பார்க்க வரலாம் என்று முடிவு செய்வது, எதுவாகவும் இருக்கலாம். அவர் செய்யாவிட்டால் அந்த வேலை நின்றுபோகும் என்ற நிலை உண்மையாகவே இருக்க வேண்டும். பொழுதுபோக்காகக் கொடுத்த வேலையை யாரும் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வாழ்க்கையைத் தவறாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆல்பிரெக்ட், டெவ்லீகர் இருவரும் 153 குறைபாடுள்ளவர்களை நேர்கண்டு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 54 விழுக்காட்டினர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். விபத்தில் சிக்கியவர்களும் லாட்டரியில் வென்றவர்களும் கடைசியில் ஒரே அளவு மகிழ்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1978-ஆம் ஆண்டு பிரிக்மன் ஆய்வு உண்மையில் அப்படிச் சொல்லவில்லை. 0 முதல் 5 வரையிலான அளவில் வென்றவர்கள் 4.00, சாதாரண மக்கள் 3.82, விபத்தில் உடல் செயலிழந்தவர்கள் 2.96. பின்னவர்கள் தெளிவாகத் தாழ்ந்திருந்தார்கள். ஆனாலும் அளவின் நடுப்புள்ளிக்கு மேலேதான் இருந்தார்கள், அதுவும் விபத்து நடந்து ஓராண்டுக்குள். மனசு தானாகவே பழகிவிடும் என்று சொல்லிக் கைவிட்டுவிடுவதற்கும் இந்த எண்கள் இடம் தரவில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கும் இடம் தரவில்லை.

வெளியே தெரியாதவை

வலிப்பு, நாள்பட்ட வலி, ஒரு காதில் மட்டும் கேளாமை, மனநோய், குடலழற்சி போன்றவற்றோடு வாழ்பவர்களுக்கு வேறொரு சுமை. எர்விங் காஃப்மன் 1963-இல் சுட்டியதுபோல, வெளியே தெரியும் குறை உள்ளவர் எதிரே இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிக்க வேண்டும். தெரியாத குறை உள்ளவர் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற தகவலைக் காவல் காக்க வேண்டும். மறைத்துவைத்தால் கிடைக்கும் மதிப்பும் அன்பும் "தெரிந்தால் போய்விடும்" என்ற அச்சத்தோடுதான் வரும். ஒரு நாள் நன்றாக இருந்து மறுநாள் படுத்துவிடும் நோய்களில், தன் மீதே சந்தேகம் வரும்: நேற்று முடிந்ததே, இன்று நடிக்கிறேனோ?

சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்வதென்றால் முதலில் நம்பகமான ஒருவரிடம், அமைதியான நேரத்தில் தொடங்குவது நல்லது. அலுவலகத்தில் நோயின் பெயரைவிடத் தேவையைச் சொல்வது பயன்படும்: "மதியத்துக்கு மேல் 20 நிமிடம் படுக்க வேண்டியிருக்கும், அதற்கு ஓர் இடம் வேண்டும்." வலிப்பு போன்றவற்றில், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை மூன்று வரியில் எழுதிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிடலாம். தவறாகப் போவது பெரும்பாலும் நெருக்கடி முற்றிய பிறகு, அழுகையோடும் மன்னிப்போடும் சொல்லும்போதுதான். கேட்பவர் அப்போது செய்தியைக் கேட்பதில்லை, ஆறுதல் சொல்வதில் இறங்கிவிடுகிறார்.

மீள்வது எப்படி

பேட்ரிக் கோரிகனும் அவருடைய சக ஆய்வாளர்களும் மனநலக் குறைபாடுள்ளவர்களை வைத்து வகுத்த படிநிலை மற்றவர்களுக்கும் பொருந்துகிறது. சமூகம் தன்னைப் போன்றவர்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஒருவர் அறிகிறார்; அது உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறார்; அதைத் தனக்கும் பொருத்திக்கொள்கிறார்; கடைசியில் "எதற்கு முயற்சி செய்ய வேண்டும்" என்று நிறுத்திவிடுகிறார். முதல் படியைத் தடுக்க வழியில்லை, கண்ணும் காதும் இருக்கின்றன. வெட்ட வேண்டியது இரண்டாவது படியில். அதற்கு மிகவும் உதவுவது, தன் நிலையிலேயே இருந்து நன்றாக வாழும் இன்னொருவரைப் பார்ப்பது.

சக அனுபவமுள்ளவர்களின் துணையை முறையான சேவையாக வளர்த்ததில், எட் ராபர்ட்ஸும் தோழர்களும் 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய சுயசார்பு வாழ்க்கை மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. யாரைச் சந்திக்க வைக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். விபத்தில் கால் இழந்த ஓர் எழுத்தரை, பதக்கம் வென்ற வீரரிடம் அழைத்துப்போனால் அவர் இன்னும் சுருங்கிப்போவார். கண் முன்னால் எட்டாத உயரம் ஒன்று கூடிவிட்டது. ஏறத்தாழ அதே வயது, அதே வகைக் குறைபாடு, ஐந்தாறு ஆண்டு முன்னால் இருக்கும் சாதாரண ஆள் போதும். வீட்டார் இல்லாத அறையில் பேச விட வேண்டும். அங்கே கேட்கப்படும் கேள்விகள் சிறுநீர் வெளியேற்றும் குழாயான கதீட்டர், தாம்பத்தியம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது விழுந்தால் எழுவது எப்படி என்று போகும். மருத்துவரிடம் கேட்கக் கூசிய கேள்விகள் இவைதான். ஒரே ஒரு சந்திப்பு போதாது. மாதம் ஒன்றிரண்டு வீதம் சில மாதங்களாவது தொடர்ந்தால்தான் பேச்சு அந்த ஆழத்துக்குப் போகும். கேளாதவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து யேல் பாட்-சாவா 1993-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது: வீட்டில் சைகை மொழி புழங்கிய, கேளாத பெற்றோருக்குப் பிறந்தவர்களின் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. தன்னைப் போன்ற பெரியவர்களை அவர்கள் பிறந்ததிலிருந்தே பார்த்து வளர்கிறார்கள்.

பயனற்றதையும் சொல்லிவிட வேண்டும். "நான் சிறந்தவன், என்னால் எதுவும் முடியும்" என்று தினமும் சொல்லிக்கொள்ளச் செய்வது பரவலான அறிவுரை. ஜோன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட சோதனையில், தன்மதிப்பு ஏற்கெனவே தாழ்ந்திருந்தவர்கள் இத்தகைய வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை இன்னும் மோசமானது. உள்மனம் அந்த வாக்கியத்தை நம்பவில்லை. சொல்லும்போதெல்லாம் மறுத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக, இந்த வாரம் தானே எடுத்த முடிவுகள் என்னென்ன என்று எழுதிவைப்பது பலன் தரும். மறுக்க முடியாத, நடந்துபோன விஷயங்கள் அவை. பட்டியல் சிறியதாக இருந்தால், தனக்கான மற்ற முடிவுகளை யார் எடுத்தார்கள் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அடுத்த வாரம் எதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் முதல் வேலை, மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் இந்தப் பிள்ளைக்கும் ஒரு வீட்டு வேலை ஒதுக்குவது. செய்யாவிட்டால் கண்டிப்பதும் அதில் அடக்கம். தவறு செய்ய இடம் கொடுங்கள். கொட்டினால் துடைக்கக் கற்றுக்கொடுங்கள். குறைபாட்டின் சரியான பெயரைப் பிள்ளைக்கு அதன் வயதுக்கேற்பச் சொல்லிவிடுவதும் முக்கியம். பெயர் தெரியாத பிள்ளை, பள்ளியில் மற்றவர்கள் வைக்கும் பெயரை எடுத்துக்கொள்ளும்.

தொழில்முறை உதவி எப்போது

பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தாழ்ந்தே இருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், அது வெறும் தன்மதிப்புச் சிக்கல் அல்ல. மனச்சோர்வாக இருக்கக்கூடும், அதற்குச் சிகிச்சை உண்டு. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இங்கே ஒரு தடை அடிக்கடி குறுக்கே வரும். "இந்த நிலைமையில யாருக்குத்தான் மனசு சரியா இருக்கும்?" என்று சொல்லி மருத்துவரே விட்டுவிடலாம். அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் மனநோய் இப்படி அந்தக் குறைபாட்டின் நிழலில் மறைந்துபோவதை ஸ்டீவன் ரைஸும் குழுவினரும் 1982-இலேயே எழுதினார்கள்; மற்றக் குறைபாடுகளிலும் அது நடக்கிறது. தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை ஆகியவை வலியாலும் மருந்தாலும்கூட வரக்கூடியவை என்பதால் குழப்பம் கூடுகிறது. ஆகவே மருத்துவரிடம் போகுமுன், மாற்றம் எப்போது தொடங்கியது என்பதைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். குறைபாடு பத்து ஆண்டுகளாக இருக்கிறது, தூக்கம் கெட்டது மூன்று மாதமாகத்தான் என்று காட்டினால், அந்த மூன்று மாதத்துக்கு அவர் வேறு காரணம் தேடியாக வேண்டும். புதிதாகச் சேர்ந்த மருந்துகளின் பெயரையும் அதே தாளில் எழுதுங்கள். கூட வருபவர் பாதி நேரம் வெளியே காத்திருக்க வேண்டும் என்று சந்திப்புக்கு நேரம் வாங்கும்போதே சொல்லிவைப்பது நல்லது. அறைக்குள் போன பிறகு அதைக் கேட்பது நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் சங்கடம். மருத்துவர் கேள்வியை உங்களிடம் கேட்கிறாரா, உடன் வந்தவரைப் பார்த்துக் கேட்கிறாரா என்று முதல் பத்து நிமிடத்தில் கவனியுங்கள். ஒரு தடவை சுட்டிக்காட்டிய பிறகும் அவர் திரும்பாவிட்டால் வேறொருவரைத் தேடலாம்.